ஜன்னலோரக் கட்டில்

தாம்பரத்துக்கு அப்பால் ஒரு முதியோர் இல்லம். பெண்கள் கூடத்தில் 8 கட்டில்கள். காலை 7 மணிக்கு ஆயா வெந்நீர் வாளியோடு ஜன்னலோரக் கட்டிலுக்கு வருகிறார்.

“பாட்டி, முகம் தொடைக்கட்டுமா?”

பாட்டிக்கு இடப்பக்கம் கை கால் விழுந்துவிட்டது. பேச்சு வராது, கண்ணை மூடித் திறந்தால் சம்மதம். அதுவரை ஆயா காத்திருக்கிறார்.

மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்க்கிறார். மரத்துப்போன பக்கம் சுட்டாலும் பாட்டிக்குத் தெரியாது. கண்ணுக்குச் சோப்பு கிடையாது. மூக்கோரத்திலிருந்து காதுப் பக்கமாக ஒரே இழுப்பு, மறு கண்ணுக்குத் துணியின் வேறு முனை. வாய்க்குத்தான் நேரம் பிடிக்கிறது. இடக் கன்னத்துக்குள் நேற்றிரவு இட்லி ஒதுங்கிக் கிடக்கிறது. தலையை உயர்த்தி, மெத்தென்ற பிரஷ்ஷால் வழித்தெடுக்கிறார். விட்டுவைத்தால் நாற்றத்தோடு போகாது. மூச்சுக்குழலில் இறங்கினால் நிமோனியாதான்.

பிறகு கொடியில் பழைய சேலை மறைப்பாக ஏறுகிறது. மற்றக் கட்டில்காரர்கள் தாமாகவே முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். தண்ணீர்ச் சத்தமும், தொடுமுன் ஒவ்வொன்றையும் சொல்லிவிடும் குரலும் மட்டும் கேட்கின்றன. “இப்ப ஒருக்களிச்சுக்கலாம் பாட்டி.” நடுவில் அழுக்குத் தண்ணீர் வெளியே போய்ப் புதுத் தண்ணீர் உள்ளே வருகிறது.

மறைப்பு விலகும்போது நைட்டி மாட்டியாயிற்று. குதிகாலில் ஒரு சிவப்பு. ஆயா விரலால் அழுத்தி எடுக்கிறார். வெளுக்கவில்லை. படுக்கைப் புண் இப்படித்தான் தொடங்கும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் தூக்கி வைக்கிறார். சுவரில் தொங்கும் நோட்டில் எழுதுகிறார். 2 மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்த கணக்கு அதில் இருக்கிறது. ராத்திரிக் கட்டங்கள் சில காலி.

அடுத்து தலை. சில இல்லங்களில் வந்த வாரமே கிராப் வெட்டிவிடுகிறார்கள். பேன் என்பார்கள், பின்னிவிட ஆள் இல்லை என்பதுதான் விஷயம். பாட்டிக்கு எலிவால் பின்னல் மிச்சமிருக்கிறது. படுத்தால் உறுத்தாதபடி தோள்பக்கமாகப் பின்னி, ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி, கைக்கண்ணாடியைக் காட்டுகிறார். பாட்டியின் வலக்கை எழுந்து, பொட்டைப் பிய்த்து அரை அங்குலம் கீழே ஒட்டிக்கொள்கிறது.

வாளி அடுத்த கட்டிலுக்கு நகர்கிறது. கூடத்துக்கு ஆயா ஒருவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆப்பிளோடு வரும் பிள்ளைகள் பொட்டையும் பின்னலையும் பார்த்துத் திருப்தியாகப் போகிறார்கள். போர்வையை விலக்கிக் குதிகாலையும் பாருங்கள். அந்த நோட்டின் ராத்திரிக் கட்டங்கள் ஏன் காலி என்று நிர்வாகத்தைக் கேளுங்கள், ஆயாவை அல்ல.