விலை குறைவுன்னு மட்டும் பார்க்கலாமா?

 

மண்டபக் கூரை வேலை யாருக்குப் போகுதுன்னு பலர் கேட்டீங்க. மூணு டெண்டர் வந்திருக்கு. ரொம்பக் குறைஞ்ச விலை போட்டவர், இதே கூரையை முன்னாடி செஞ்ச குத்தகையாளர்தான். முதல் மழைக்காலத்திலேயே ஒழுகிச்சு, கூப்பிட்டா போனை எடுக்கல. "நம்ம ஆளு, பாவம், இன்னொரு தடவை கொடுங்க" என்று பெரியவங்க சிலர் சொல்றாங்க. அதனால எங்க மனசுல பட்டதைச் சொல்லிடுறோம்.

கோயில் பணமும் அரசாங்கப் பணம் மாதிரி ஊர்ப் பணம்தான். திரெங்கானுவில் சுல்தான் மிசான் விளையாட்டரங்கம் ஞாபகம் இருக்கா? 50,000 பேர் உட்காரும் அரங்கம். 2008-ல திறந்தாங்க, 2009 ஜூன் 2-ல கூரை இடிஞ்சு விழுந்தது. நல்லவேளை, உள்ளே கூட்டம் இல்ல. பழுது பார்க்கும்போது 2013-ல மறுபடியும் விழுந்தது. ஆட்டம் நடக்கும் நாளா இருந்தா என்ன ஆகியிருக்கும்!

பாலம் தாண்டி வேலைக்குப் போற நம்ம பிள்ளைகளுக்குத் தெரியும், சிங்கப்பூரில் வேலையிடப் பாதுகாப்பை மீறும் கம்பெனிக்குக் குற்றப்புள்ளி போடுவாங்க. 2024 ஏப்ரலிலிருந்து 25 புள்ளி சேர்ந்தா அரசாங்கக் கட்டுமான டெண்டரில் தற்காலிகமாகச் சேர முடியாது. அண்ணன் தம்பி, தெரிஞ்சவர் என்ற பேச்சுக்கே இடமில்லை. கணக்கு எழுதி இருக்கு, அவ்வளவுதான்.

நம்ம நாட்டிலும் சி.ஐ.டி.பி. பதிவு இருக்கு, ஜி1 முதல் ஜி7 வரைக்கும். ஆனா அது எவ்வளவு பெரிய வேலை எடுக்கலாம்னுதான் சொல்லும். போன வேலையை ஒழுங்கா முடிச்சாரான்னு அந்த எண்ணைப் பார்த்தா தெரியாது. கருப்புப் பட்டியலில் போட்டாலும், வேற பேர்ல புதுக் கம்பெனி திறந்து வந்தா? அதனால கம்பெனி பேரை மட்டும் பார்க்காம, பின்னால இருக்கிற ஆளையும் பார்க்கணும்.

நாங்க வேலை செய்யும் தொழிற்சாலையில் சரக்கு கொடுக்கிறவங்களுக்கு மாசாமாசம் மார்க் போடுவோம். எத்தனை பெட்டி திரும்பிப் போச்சு, எத்தனை நாள் தாமதம், எல்லாம் தேதியோடு எழுதுவோம். மார்க் குறைஞ்சா முதல்ல கடிதம், அப்புறம்தான் நிறுத்தம். அவர் பக்கத்தையும் கேட்போம். பணம் நாம லேட்டா கொடுத்திருந்தா, பாதியில் பிளானை மாத்தியிருந்தா, அந்தத் தாமதத்தை அவர் தலையில் கட்டக் கூடாது.

இந்தக் குத்தகையாளருக்குப் பணம் சொன்ன தேதியில் போயிருக்கு, ரசீது இருக்கு. ஒழுகின இடத்தின் படங்களும் இருக்கு. நிர்வாகம் அவருக்குக் கடிதம் அனுப்பியாச்சு. ஞாயிறு காலை பூஜை முடிஞ்சதும் கூட்டம். அவர் வந்து பதில் சொல்லலாம். நீங்களும் வாங்க, படங்களைப் பார்த்துட்டுக் கை தூக்குங்க.