விழுந்த கண்ணி



இந்த வாரம் ஒரு குல்லாவைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். மார்கழியிலும் மின்விசிறி சுழலும் நம் மணவாள நகரில் கம்பளிக் குல்லா எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். அதிகாலை இரயிலுக்குப் போகிறவர்களும் இரவுக் காவலர்களும் அணியும் மங்கி குல்லாவைத் தவிர நமக்கு அதன் தேவை அதிகமில்லை. ஆயினும் கடந்த குளிர்காலத்தில் நான் என் கையாலேயே ஒரு குல்லாவைப் பின்னினேன். அதைப் பின்ன நேர்ந்த காரணம் எனக்குப் பெருமை தருவதன்று. உங்களில் சிலர் அதை அறிவீர்கள். மற்றவர்களும் அறிய வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

நவம்பர் மாதத் தொடக்கத்தில் ஒரு காலையில் நம் ஆலயத்தின் தண்ணீர் மோட்டாரைக் காணவில்லை. அன்று மாலை கமிட்டி கூடியபோது, "பின்தெருவில் குடியிருக்கும் வடநாட்டுப் பையன்களை விசாரித்துப் பாருங்கள்" என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நானே. விசாரித்தவர் எவருமில்லை, ஆனால் வார்த்தை தானாகவே நடந்து சென்றது. மறுநாளே அது வீட்டு உரிமையாளரின் காதுக்கு எட்டியது. காக்களூர் தொழிற்பேட்டையில் வேலை செய்துவந்த மூன்று பீகார் இளைஞர்களும் மாத முடிவுக்குள் அறையைக் காலி செய்யும்படி சொல்லப்பட்டார்கள். நான்காம் நாள் உண்மை தெரிந்தது. காயில் கட்டுவதற்காக மெக்கானிக் மோட்டாரைக் கழற்றிச் சென்றிருந்தார். அதை என்னிடம் சொல்ல மறந்திருந்தார்கள்.

நான் ஓர் இனிப்புப் பெட்டியோடு அந்த அறைக்குச் சென்றேன். "மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம், தம்பி" என்றேன். மூவரில் இளையவர் பெட்டியைப் பணிவோடு வாங்கி ஜன்னல் திட்டில் வைத்தார். ஜனவரியில் ஊருக்குப் போவதாகவும், அங்கே அப்போது பனிமூட்டமும் கடுங்குளிரும் இருக்கும் என்றும் தட்டுத்தடுமாறித் தமிழில் சொன்னார். நான் விடைபெறும் வரை அந்தப் பெட்டி திறக்கப்படவில்லை.

நம் சபையின் மூத்த தாயார் ஒருவர் குன்னூரில் பிறந்து வளர்ந்தவர். ஸ்வெட்டரும் குல்லாவும் பின்னுவதில் கைதேர்ந்தவர். அவரிடம் சென்று, "அம்மா, அந்தத் தம்பிக்கு ஒரு குல்லா பின்னித் தாருங்கள், நூலின் விலையை நான் தந்துவிடுகிறேன்" என்றேன். அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "ஐயா, நான் பின்னினால் அது என் குல்லா. சொன்னது நீங்கள், பின்ன வேண்டியதும் நீங்கள்தான்" என்றார்.

பிரியமானவர்களே, அன்றிரவு எனக்குக் கோபம் வந்தது. மறுநாள் கடைத்தெருவில் வெள்ளை 'உல்லன்' நூல் இரண்டு உருண்டைகள் வாங்கிக்கொண்டு அவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தேன்.

முதலில் நூலுக்குச் சாயம் ஏற்றக் கற்றுக்கொடுத்தார். நூலைச் சிட்டமாகச் சுற்றி, வினிகர் கலந்த நீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று சாயக் கரைசல்களைப் பகுதி பகுதியாக ஊற்றினோம். பிறகு அதைப் பொதிந்து, சமையலுக்கு ஆகாத பழைய இட்லிக் குண்டானில் ஆவியில் வைத்தோம். எடுத்து அலசியபோது சாயம் முழுவதும் தண்ணீரோடு போயிற்று. நூல் வெளிறிப்போய்க் கையில் தொங்கியது. அம்மா ஒரு துண்டை வெட்டி நெருப்பில் காட்டினார். அது உருகிக் கெட்டியான கருமணியாயிற்று. "இது கம்பளி அல்ல, ஐயா. கம்பளியானால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் உதிரும்" என்றார். உறையை எடுத்துப் பார்த்தேன். அக்ரிலிக் என்று சிறிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. வாசிக்காமல் வாங்கியது நான்தான்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். தொட்டாலும் பலருக்கு வேறுபாடு தெரியாது. ஆட்டின் உடலில் வளர்ந்த கம்பளி, அமிலமும் வெப்பமும் சேரும்போது அந்தச் சாயத்தைத் தனக்குள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். ஆலையில் இரசாயனத்தால் ஆன இழை அதைப் பற்றாது. என் இனிப்புப் பெட்டியும் அந்த நூலைப் போன்றதே என்று அப்போது உணர்ந்தேன். மன்னிப்பைப் போல அது தோன்றியது. ஆனால் அதில் எதுவும் ஒட்டவில்லை.

பிறகு அம்மா, உதகையிலிருந்து தம் தங்கை அனுப்பிய கம்பளி நூலைப் பெட்டியிலிருந்து எடுத்தார். அதைக் கையில் வைத்துக்கொண்டு நீலகிரி ஆட்டின் கதையைச் சொன்னார். நம் மலைக்கே உரியது என்று நாம் கருதும் அந்த இனம் 19-ஆம் நூற்றாண்டில் உருவானது. கோயம்புத்தூர் ஆட்டோடு தாஸ்மேனியாவின் மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆகிய வெளிநாட்டு இனங்கள் கலந்து பிறந்தது. உதகைக்கு அருகில் சாண்டிநல்லாவில் உள்ள செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்தில் இன்றும் அவ்வினத்தைப் பேணி வளர்க்கிறார்கள். "நம்முடையது என்று சொல்வதில் பாதி கப்பலில் வந்ததுதான், ஐயா. நானே மலையிலிருந்து வந்தவள்" என்றார். நான் பதில் சொல்லவில்லை.

இம்முறை சாயம் ஏறியது. குண்டானை அவசரப்பட்டுத் திறக்க அவர் விடவில்லை. சூடான கம்பளியைத் திடீரெனக் குளிர்ந்த நீரில் போட்டுக் கசக்கினால் அது சுருங்கிக் கட்டிப்பட்டுப்போகும். தானாகவே ஆற வேண்டும். இரவு முழுவதும் ஆறிய பின் காலையில் அலசியபோது தண்ணீர் தெளிவாக இருந்தது. சிவப்பும் மஞ்சளும் தொட்ட இடத்தில் ஆரஞ்சும், மஞ்சளும் நீலமும் தொட்ட இடத்தில் பச்சையும் பிறந்திருந்தன.

வட்டப் பின்னல் ஊசியில் 96 கண்ணிகள் ஏற்றி, இரண்டு நேர்ப்பின்னல், இரண்டு எதிர்ப்பின்னல் என்று விளிம்பைத் தொடங்கினேன். ஒரு வளையத்தினுள் அடுத்த வளையத்தை இழுப்பதே கண்ணி; குல்லா முழுவதும் அதுவே. தினமும் இரவு ஜெபத்திற்குப் பின் அரைமணி நேரம் பின்னினேன். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அதை அம்மாவிடம் பெருமையோடு காட்டினேன். அவர் விரலால் ஓரிடத்தைத் தொட்டார். பதினான்கு சுற்றுகளுக்குக் கீழே ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவி விழுந்திருந்தது. அதற்கு மேலே ஏணிப்படிபோல வெறும் இழைகள் குறுக்கே ஓடின.

"மேலே இறுக்கிப் பின்னிச் சரிசெய்துவிடலாமா?" என்று கேட்டேன்.

"மேலே என்ன செய்தாலும் ஓட்டை கீழேதான் இருக்கும். விழுந்த இடத்துக்கு இறங்கிப் போக வேண்டும்" என்று சொல்லி, குரோஷா ஊசியைக் கையில் கொடுத்தார். விழுந்த கண்ணியை அதன் கொக்கியில் பிடித்து, முதல் இழையை அதனூடே இழுத்து, பிறகு அடுத்த இழை, பிறகு அதற்கடுத்தது என்று பதினான்கு படிகளும் ஏறி வந்தேன்.

பிரியமானவர்களே, இதற்குப் பிறகு எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் வார்த்தை விழுந்த இடம் அந்த இளைஞர்களின் அறை அன்று, கமிட்டி அறை. அங்கிருந்து வீட்டு உரிமையாளரிடமும், அவரிடமிருந்து தெருவுக்கும் அது ஓடியிருந்தது. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகும்படி நம் ஆண்டவர் கற்பித்ததை நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறன்று உங்கள் முன் நின்று, "சொன்னவன் நான், சொன்னது பொய்" என்று நான் அறிக்கையிட்டது இதனால்தான். அதற்கு முந்திய மாலை கமிட்டியிலும், அன்று காலை வீட்டு உரிமையாளரிடமும் அதையே சொன்னேன். "வேறு ஆளிடம் முன்பணம் வாங்கிவிட்டேனே, ஐயா" என்றார் அவர். மூவரில் இருவர் அதற்குள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் வேலை தேடிப் போயிருந்தார்கள். இளையவர் மட்டும் காக்களூரில் உடன் வேலை செய்பவரின் அறையில் ஒதுங்கியிருந்தார்.

ஜனவரியில் ஒரு மாலை திருவள்ளூர் இரயில் நிலையத்தில், சென்ட்ரலுக்கு மின்சார இரயில் வருவதற்குச் சற்று முன், குல்லாவை அவர் கையில் கொடுத்தேன். மோட்டாரைப் பற்றிய முழு உண்மையையும், கமிட்டியில் முதலில் அவர்களைச் சொன்னவன் நான் என்பதையும் அப்போதுதான் அவரிடம் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு குல்லாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அந்தப் பதினான்கு படிகள் சற்று இறுகிக் கிடந்த இடத்தில் விரலை வைத்து, "நீங்களே செய்ததா?" என்று கேட்டார். ஆம் என்றேன். அந்தப் புழுக்கத்திலும் அதைத் தலையில் போட்டுக்கொண்டு வண்டி ஏறினார்.

அப்போஸ்தலர் நடபடிகளில் யோப்பா பட்டணத்துத் தொற்காளை நினைத்துப் பாருங்கள். அவள் பேசிய ஒரு சொல்லும் அங்கே எழுதப்படவில்லை. அவள் மரித்தபோது விதவைகள் அழுதுகொண்டு பேதுருவுக்குக் காட்டியவை அவள் செய்த அங்கிகளும் வஸ்திரங்களுமே. நானோ வாரந்தோறும் உங்களிடம் பேசுகிறவன். ஒரே வாக்கியத்தால் மூன்று பேரின் கூரையை அகற்றினேன்.

மீதி இருவர் கும்மிடிப்பூண்டியில் எங்கே இருக்கிறார்கள் என்று இளையவர் எழுதித் தந்திருக்கிறார். அவர்களுக்கான குல்லாக்களில் ஒன்று முடிந்துவிட்டது; மற்றொன்று என் மேசையில் பாதியில் நிற்கிறது. முடிந்ததும் நானே கொண்டுபோவேன். அவர்கள் வாங்க மறுத்தால் அதுவும் நியாயமே.

இந்த வாரத்தில் உங்கள் வாயிலிருந்து நழுவிய கண்ணி எது? மேலே இறுக்கி மறைக்க வேண்டாம். அது விழுந்த இடம் உங்களுக்குத் தெரியும், இறங்கிப் போங்கள். நம் நாவுகளைக் காக்கவும், இறங்கிப் போக நமக்குத் தாழ்மையைத் தரவும் கர்த்தரிடத்தில் வேண்டிக்கொள்வோம். ஆமென்.