அடுப்புப் புகையும் ஆராய்ச்சியும்

"கொடைக்கானலுக்குப் போய் வாருங்கள்" என்று ஆசிரியர் சொன்னதும் எனக்கு ஒரே குஷி. "எதற்கு சார்? பேரிக்காய் சீஸனைப் பற்றி எழுதவா?" என்று கேட்டேன். "இல்லை, வைத்திய ஆராய்ச்சி" என்றார். குஷி பாதியாகக் குறைந்தது. "அதுவும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் செய்கிற ஆராய்ச்சி" என்று சேர்த்தார். மீதிப் பாதியும் போயிற்று.

காரணம், ஒரு கடிதம். எழுதியவர் வத்தலக்குண்டு வாசகர். மகள் பதினோராம் வகுப்புப் படிக்கிறாள். டாக்டராக வேண்டுமென்று ஆசை. "அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கோடை விடுமுறையில் ஆராய்ச்சிசாலைக்கே அழைத்துப் போய் வைத்திய ஆராய்ச்சியில் பழக்குகிறார்களாம். ஒருவர் அதற்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லிப் பல லட்ச ரூபாய் கேட்கிறார். கட்டலாமா? நம் மலைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்படி எதுவும் கிடையாதா?" என்று கேட்டிருந்தார்.

அமெரிக்காவில் அப்படி நடப்பது உண்மைதான். மெயின் மாகாணத்தில் பார் ஹார்பர் என்று ஒரு கடலோர ஊர். அங்கே எலிகளை வளர்த்து, பரம்பரையாக வரும் நோய்களை ஆராயும் ஜாக்ஸன் ஆய்வுக்கூடம் இருக்கிறது. 1955-ம் வருஷக் கோடையில் டேவிட் பால்டிமோர் என்ற பள்ளி மாணவர் அங்கே போய்ச் சேர்ந்தார். ஹோவர்டு டெமின் என்று, அவருக்கு மூன்று வயது மூத்த இளைஞர் ஒருவரும் அங்கே இருந்தார். இருவரும் பழகினார்கள். பதினைந்து வருஷம் கழித்து, 1970-ல், சில வைரஸ்கள் தங்கள் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ.யைத் தயாரிக்கின்றன என்பதையும், அதற்கான நொதியையும் இருவரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். 1975-ல் வைத்தியத்துக்கான நோபல் பரிசு டுல்பெக்கோ என்பவரோடு சேர்த்து இவர்கள் இருவருக்கும் கிடைத்தது. எச்.ஐ.வி. எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள உதவியது அந்தக் கண்டுபிடிப்புத்தான்.

இந்தக் கதையைக் கேட்டால் எந்தத் தகப்பனாருக்குத்தான் கை பணப்பைக்குப் போகாது! ஆனால் ஒரு விஷயம். அங்கேயும் திறமையைப் பார்த்துப் பொறுக்கி எடுத்து, காசு வாங்காமல் சொல்லிக் கொடுக்கும் திட்டங்கள் உண்டு. காசு கட்டினால் வாசலைத் திறந்துவிடும் திட்டங்களும் உண்டு. இரண்டிலும் கடைசியில் சான்றிதழ் தருவார்கள். பால்டிமோரை அந்தக் கோடைக்காலம் மாற்றிவிட்டதற்குக் காரணம், இன்னும் யாருக்குமே விடை தெரியாத ஒரு கேள்வியின் அருகில் அவரை உட்கார வைத்தார்கள் என்பதே. அது வேண்டுமென்றால் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டித்தான் ஆக வேண்டுமா?

இதை யோசித்துக்கொண்டே மலை ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப, எனக்கு ஒன்று தோன்றியது. கொடைக்கானல் என்ற ஊர் உண்டானதே ஒரு வைத்தியக் கேள்வியால்தான்.

மதுரையில் வேலை செய்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் மனிதர்களைப் பறிகொடுத்தார்கள். காற்று மாறினால் பிழைக்கலாம் என்று முதலில் சிறுமலைக்குப் போனார்கள். காய்ச்சல் அங்கேயும் வந்தது. இன்னும் உயரமாகப் போனால்? பழனி மலையின் உச்சிக்கு ஏறி, 1845-ல் இரண்டு வீடுகள் கட்டினார்கள். அங்கே அந்தக் காய்ச்சல் இல்லை. ஏன் இல்லை என்று யாருக்கும் தெரியாது. மலேரியாவைக் கொசுதான் சுமக்கிறது என்பதை ரொனால்டு ராஸ் செகந்திராபாத்தில் கண்டுபிடித்தது 1897-ல். காரணம் தெரிவதற்கு ஐம்பது வருஷம் முன்னாலேயே, "இந்த உயரத்தில் உண்டு, அந்த உயரத்தில் இல்லை" என்று பார்த்து வைத்துக்கொண்டார்கள். ஆராய்ச்சியின் முதல் படி அதுதான்.

இதே ஊரில், கேட்க வேண்டிய கேள்வியைக் காலத்தில் கேட்காததால் வந்த கஷ்டமும் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வாட்டர்டவுன் நகரிலிருந்து ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இங்கே வந்து சேர்ந்தது. பிற்பாடு அது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு வந்தது. காய்ச்சலைக் கண்டுபிடிக்கிற கருவி அல்லவா? அதில் நோய் இருக்குமென்று யார் சந்தேகப்படுவார்கள்? 2001 மார்ச்சில், ஊர் நடுவே ஒரு பழைய சாமான் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி 7.4 டன் கிடப்பதை உள்ளூர்க்காரர்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த மாதமே தொழிற்சாலை மூடப்பட்டது. வேலையால் உடம்பு கெட்டது என்றார்கள் தொழிலாளர்கள். இல்லை என்றது கம்பெனி. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 591 முன்னாள் தொழிலாளர்கள் சம்பந்தமாக 2016-ல்தான் சமரசம் ஏற்பட்டது.

பாதரச ஆவி கண்ணுக்குத் தெரியாது. மணம் கிடையாது. அப்படியானால் அது எங்கெங்கே பரவியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஹைதராபாத்தில் இருக்கும் அணுசக்தித் துறை ஆய்வகத்தார் செய்த காரியத்தை எந்தப் பள்ளி மாணவனும் புரிந்துகொள்ளலாம். மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில் ஒட்டி வளர்கிறதே லைக்கன், அதையும் பாசியையும் எடுத்துச் சோதித்தார்கள். இவை காற்றில் வருவதை உறிஞ்சிச் சேர்த்து வைத்துக்கொள்பவை. மரத்தில் ஒட்டிய கணக்குப் புத்தகம் மாதிரி. அந்த முடிவுகள் 2003-ல் வெளிவந்தன. பிறகு கொடைக்கானல் ஏரியின் தண்ணீர், சேறு, மீன் ஆகியவற்றைச் சோதித்து 2006-ல் வெளியிட்டார்கள். கொடை ஏரியை மட்டும் பார்த்துவிட்டு அவர்கள் திருப்தி அடையவில்லை. இருபது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பேரிஜம், கூக்கால் ஏரிகளையும் சோதித்து ஒப்பிட்டார்கள். "இங்கே இவ்வளவு" என்பதற்கு, "அங்கே எவ்வளவு?" என்று தெரிந்தால்தானே அர்த்தம்! ஒப்பிட்ட பிறகே, ஏரி மாசடைந்ததற்குத் தொழிற்சாலையிலிருந்து வந்த பாதரசம் காரணம் என்று எழுதினார்கள்.

பாதரசத்தைப் பிள்ளைகள் தொடக்கூடாது. அது நிபுணர்களின் வேலை. ஆனால், "அங்கே எவ்வளவு?" என்று கேட்கிற புத்திக்கு ஆய்வகம் வேண்டியதில்லை. மறுநாளே இதை நேரில் பார்த்தேன்.

பூம்பாறை போகிற பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பக்கத்துப் பெஞ்சில் ஒரு டீச்சரும் மூன்று பெண்களும் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். மலைக் கிராமத்து அரசுப் பள்ளி, ஒன்பதாம் வகுப்பு. குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தயார் செய்கிறார்களாம். விஷயம்: விறகடுப்புப் புகையும் இருமலும். குளிர் ஊர். சன்னலைத் திறந்தால் பனி உள்ளே வரும், மூடினால் புகை உள்ளேயே நிற்கும்.

"முதல் கேள்வியைப் படி" என்றார் டீச்சர்.

"அடுப்புப் புகையால உங்களுக்கு இருமல் வருதா?" என்று வாசித்தாள் ஒருத்தி.

"இதை உங்க பாட்டிகிட்டக் கேட்டா என்ன சொல்லுவாங்க?"

"நான் ஆசையா வந்து கேக்கிறேனேன்னு, 'ஆமா கண்ணு'ம்பாங்க டீச்சர்."

"அப்ப அது பாட்டியோட பதிலா, உன்னோட பதிலா?"

அந்தப் பெண் ரப்பரை எடுத்து அழித்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "போன மாசத்துல எத்தனை நாள் இருமல் இருந்துச்சு?" என்று எழுதினாள்.

"இப்பப் புகையைப் பத்தி ஒண்ணுமே இல்லையே டீச்சர்?" என்றாள் இரண்டாமவள்.

"அதைத் தனியா எழுதணும். அடுப்பு எங்கே இருக்கு, சன்னல் உண்டா, எத்தனை மணி நேரம் சமைக்கிறாங்கன்னு. கேஸ் அடுப்பு மட்டும் உள்ள வீட்டுலேயும் இதே கேள்விகளைக் கேக்கணும்."

"தாத்தா பீடி குடிக்கிற வீடுன்னா?" என்றாள் மூன்றாமவள், அதுவரை பேசாமல் இருந்தவள். டீச்சரின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! "அதையும் எழுது" என்றார்.

பத்திரிகைக்காரனின் வாய் சும்மா இருக்குமா? "புகை கெடுதல் என்று எல்லாருக்கும் தெரியுமே, இதில் ஆராய்வதற்கு என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"எங்க ஊருல எத்தனை சமையல்கட்டுக்குச் சன்னல் இல்லேன்னு யாருக்கும் தெரியாதே, சார்!" என்றாள் அவள்.

"நீங்கள் நினைத்த மாதிரி கணக்கு வராவிட்டால்?"

"வந்தபடி எழுதுவோம்" என்று டீச்சர் முடித்துவிட்டார். பஸ் வந்துவிட்டது.

"வந்தபடி எழுதுவோம்" என்பது லேசான வார்த்தை அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ல் மட்டும் வீட்டு அடுப்புப் புகையின் விளைவாக இறந்தவர்கள் சுமார் 32 லட்சம் பேர். இந்தப் புகையை ஆராய்வதில் உலகமறிந்தவர், சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன். அவரும் சேர்ந்து நடத்திய ஒரு பெரிய பரிசோதனையில் தமிழ்நாடு, குவாதமாலா, பெரு, ருவாண்டா ஆகிய இடங்களில் சுமார் 3,200 கர்ப்பிணிகள் கலந்துகொண்டார்கள். பாதிப் பேருக்குக் கேஸ் அடுப்பும் எரிவாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் எதிர்பார்த்தபடி குழந்தைகளின் பிறப்பு எடை கூடவில்லை. எத்தனை ஏமாற்றமாக இருந்திருக்கும்! இருந்தும் 2022-ல் அதை உள்ளது உள்ளபடியே வெளியிட்டார்கள். மலைக் கிராமத்து டீச்சரின் சட்டமும் பெரிய விஞ்ஞானிகளின் சட்டமும் ஒன்றுதான் என்று அறிந்தபோது எனக்கு மனம் நிறைந்தது.

வத்தலக்குண்டு வாசகரின் இரண்டாவது கேள்விக்கு இதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு 1993-ல் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஆதரவில் தொடங்கியது. பத்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள், வழிகாட்டி ஒருவரின் துணையோடு தங்கள் ஊர்ப் பிரச்னை ஒன்றை ஆராய்ந்து, தங்கள் தாய்மொழியிலேயே எழுதலாம். மாவட்டம், மாநிலம், தேசம் என்று படிப்படியாகப் போகலாம். தமிழ்நாட்டில் இதை வளர்த்ததில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 2022-23-க்குத் தந்த தலைப்பே ஆரோக்கியத்துக்கும் நல்வாழ்வுக்கும் சுற்றுச்சூழலைப் புரிந்துகொள்வது பற்றித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2025 ஆகஸ்டில் ஒரு நாள் தன் ஆய்வகங்களை ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள மாணவர்களுக்குத் திறந்துவிட்டது. ஒரு நாளில் விஞ்ஞானியாகிவிட முடியாது. ஆனால் விஞ்ஞானியும் நம்மைப் போல மனிதர்தான் என்று தெரிந்துகொள்ள ஒரு நாள் போதும்.

1901-ல் ஆரம்பமாகி, 1976-லிருந்து சர்வதேசப் பாடத்திட்டம் நடத்தும் கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியில் பட்டயப் படிப்பு முடிக்கிற ஒவ்வொரு மாணவரும் 4,000 வார்த்தைக்குள் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வேண்டும். நல்ல ஏற்பாடு. பதினெட்டு கிலோமீட்டர் தள்ளிப் பூண்டு வயலுக்கு நடுவே படிக்கிற பெண்ணுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. வழிகாட்ட ஒரு டீச்சர் கிடைத்தால் உண்டு, கிடைக்காவிட்டால் இல்லை. அந்த டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டால் நோட்டுப் புத்தகமும் மூடிக்கொள்ளும். நம் பக்கத்தில் குறை இருக்கிறது என்றால் இங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளிடத்தில் இல்லை.

ஆர்வத்தோடு கிளம்பும் பிள்ளைகளுக்குச் சில எல்லைகளையும் சொல்லி வைக்க வேண்டும். ரத்தம் எடுக்கக்கூடாது. மருந்து சொல்லக்கூடாது. "உங்களுக்கு இந்த வியாதி" என்று யாரையும் பயமுறுத்தக்கூடாது. கேட்பதற்கு முன் சம்மதம் வாங்க வேண்டும். வேண்டாம் என்றால் கும்பிடு போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும். நோட்டில் பெயர் எழுதாமல் எண் போட வேண்டும். எதிர் வீட்டு மாமிக்கு ஆஸ்துமா என்று தெருவெல்லாம் தெரிவதற்குப் பெயர் ஆராய்ச்சி இல்லை, வம்பு! கடைசியாக, கண்டதைக் கேட்ட வீடுகளுக்கே திரும்பிப் போய்ச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் பெரிய பள்ளி அறிவியல் போட்டிகளில்கூட, மனிதர்களைப் பற்றிய ஆராய்ச்சி என்றால் ஒரு குழுவிடம் முன்கூட்டியே அனுமதி பெற்றாக வேண்டும்.

ஆகவே, வத்தலக்குண்டு வாசகரே, அந்தப் பல லட்சத்தை இப்போதைக்குப் பத்திரமாக வையுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடுகிறது; முட்டை கொசுவாகச் சுமார் ஒரு வாரம் பத்து நாள் போதும். உங்கள் தெருவில் மூடாத குடம், தொட்டி, தேங்காய்ச் சிரட்டை எத்தனை என்று வாரம் ஒரு நாள், மூன்று மாதத்துக்கு, உங்கள் மகள் எண்ணி எழுதட்டும். தண்ணீர் தினம் வருகிற தெருவிலும், பல நாளைக்கு ஒரு முறை வருகிற தெருவிலும் எண்ணட்டும். பள்ளியில் ஒரு டீச்சரைப் பிடித்து நோட்டைக் காட்டட்டும். முடிவை எங்களுக்கும் எழுதி அனுப்பட்டும். அவள் நினைத்ததற்கு நேர்மாறாக வந்திருந்தால், கட்டாயம் அனுப்பட்டும்.