தலைப்பு கேட்டு வருகிறவர்கள்

“சார், தீசிஸுக்கு ஒரு தலைப்பு சொல்லுங்க” என்று கேட்டுத்தான் முதுநிலை மாணவர்கள் வருவார்கள். நான் தருவதில்லை. சிறுநீரக மாற்று ஓ.பி.யில் சில வாரம் உட்காரச் சொல்கிறேன். அங்கே எது உங்களை உறுத்துகிறதோ அதுதான் உங்கள் கேள்வி என்பேன்.

பொருத்திய சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமல் இருக்கத் தரும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு சிலருக்கு ரத்தத்தில் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது என்று ஒரு மாணவி கேட்டார். லேப் ரிப்போர்ட்டுகளைத் திரட்டும் முன் நோயாளிகளிடம் பேசச் சொன்னேன். முந்தைய வேளை மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன்பு ரத்தம் எடுக்க வேண்டும். விடியற்காலைப் பேருந்தில் வருகிறவர்களில் சிலர் வழியிலேயே மாத்திரையைப் போட்டுவிடுகிறார்கள். அளவு கூடுதலாகக் காட்டும். அதை நம்பி மருந்தைக் குறைத்தால், பொருத்திய சிறுநீரகத்தை உடல் ஏற்காமல் போகும் ஆபத்து உண்டு. இதெல்லாம் ரிப்போர்ட்டில் இருக்காது, கேட்டால்தான் தெரியும்.

அடுத்தது வரையறை. பொருத்திய முதல் வாரத்துக்குள் டயாலிசிஸ் தேவைப்பட்டால், சிறுநீரகம் தாமதமாக வேலை செய்ததாகக் கொள்வது வழக்கம். பொட்டாசியம் கூடியதற்காக ஒரே ஒருமுறை டயாலிசிஸ் செய்தவரை எதில் சேர்ப்பது? உறுப்பு ஐஸில் இருந்த நேரத்தை எந்தக் கடிகாரத்தை வைத்துக் கணக்கிடுவது? தானம் எடுத்த மருத்துவமனையின் கடிகாரமும் நம் தியேட்டர் கடிகாரமும் ஒத்துப்போக வேண்டுமே! இவற்றை முதலிலேயே எழுதிவைக்காவிட்டால், பிறகு முடிவுக்கு ஏற்றபடி வரையறை வளையும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது, வராதவர்களைத் தேடுவது. ஐந்தாண்டு கழித்தும் எத்தனை பேருக்குச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்கிறது என்று ஓ.பி. பதிவேட்டை வைத்து எண்ணினால் முடிவு அழகாகத்தான் வரும். பதிவேட்டில் இருப்பவர்கள் தொடர்ந்து வருகிறவர்கள்தானே? மருந்து வாங்க முடியாமல் நின்றவர், மீண்டும் டயாலிசிஸுக்குப் போனவர், இறந்தவர் எல்லாரும் வெளியே இருக்கிறார்கள். நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து கேட்பதுதான் உண்மையான ஆராய்ச்சி.

வேலூர் சி.எம்.சி.யில் 1971-இலேயே சிறுநீரக மாற்று நடந்த மாநிலம் இது. 2008-க்குப் பிறகு மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்பு தானமும் அரசு ஏற்பாட்டில் பரவியது. கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. மாணவரோடு உட்கார நேரம் ஒதுக்கும் கைடுகள்தான் குறைவு.

வழிகாட்டும் சகாக்களுக்கு ஒரு வேண்டுகோள்: கையெழுத்துப் போடும் நாளில் மட்டும் தீசிஸைத் திறக்காதீர்கள். முதல் சில கேஸ் ஷீட்டுகளையாவது மாணவரோடு சேர்ந்து படியுங்கள். மாணவர்களும் கைடைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் எத்தனை கட்டுரை வெளியிட்டார் என்பதோடு, தம் மாணவர்களுக்கு எவ்வளவு நேரம் தருகிறார் என்பதையும் சீனியர்களிடம் விசாரியுங்கள்.