மருந்தும் சோதனையும்

சோதனை என்னும் சொல்லுக்குத் தமிழிலே இரு பொருளுண்டு. உண்மையை அறிய ஆராய்தலும் சோதனை. ஒருவர்க்கு வந்துறும் துன்பமும் சோதனை. வகுப்பிலே யான் பன்முறை விளக்கிய இச்சொல், பூச்சி மருந்துகளின் வரலாற்றைப் படித்தபோது நெஞ்சில் வேறு விதமாகத் தைத்தது.

குடற்புழுக்களால் வருந்துவோர் பெரும்பாலும் வறியவர். அவர்க்கெனப் பெரும்பொருள் செலவிட்டுப் புதுமருந்து காண்பார் சிலரே. ஆதலின், வேறு தேவைக்கென முன்னரே உள்ளவற்றை எடுத்துச் சோதித்தல் நெடுநாள் வழக்கமாயிற்று. உடைகளின் கறை போக்கவும் தீயணைக்கவும் பயன்பட்ட திரவம் காபன் நாற்குளோரைட்டு. அமெரிக்க மிருக வைத்தியரான மோறிஸ் ஹோல் அதனை நாய்களுக்குக் கொடுத்துக் கொழுக்கிப்புழு நீங்கக் கண்டார். தாமும் அருந்திப் பார்த்து, 1921 ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்தார்.

அம்மருந்து விரைவில் இலங்கைக்கும் வந்தது. இங்கே 1916 முதல் றொக்பெல்லர் நிறுவனத்தாரின் உதவியோடு தோட்டத் தொழிலாளரிடையே கொழுக்கிப்புழு ஒழிப்பு வேலை நடைபெற்று வந்தது. மருந்து ஈரலைக் கெடுக்குமோ என்றறிய, மரணதண்டனை பெற்ற கைதிகளுக்கு அதனைக் கொடுத்து, தண்டனை நிறைவேறியபின் உடலை அறுத்துப் பார்த்தனர். ஹோல் தாமே விரும்பி அருந்தினார். சிறையிலே சாவை எதிர்நோக்கி இருப்பவன் மாட்டேன் என்று சொல்லுதல் எங்ஙனம்? அம்மருந்து உலகிற் பல்லாயிரவரின் புழுவை நீக்கியது. சிலரின் உயிரையும் குடித்தது. பின்னர் கைவிடப்பட்டது.

பழைய மருந்தைப் புதுநோக்கிற் சோதிக்கும் முறை மட்டும் கைவிடப்படவில்லை, கைவிடற்பாலதும் அன்று. பூனைக்கும் நாய்க்கும் உரிய எமோடெப்சைட்டு, தன்சானியாவின் பெம்பாத் தீவிலே சாட்டைப்புழு நோயாளரிடம் சோதிக்கப்பட்டது. 2023 இல் வெளிவந்த முடிவின்படி, 5 மில்லிகிராம் உண்ட 30 பேரில் 25 பேர் குணமாயினர். வழக்கமான அல்பெண்டசோல் உண்ட 30 பேரில் ஐவரே குணமாயினர். இங்கே பங்குபற்றினோர் விளக்கங் கேட்டு உடன்பட்டோர். இடையில் விலகும் உரிமையும் உடையோர். நூறாண்டில் மருத்துவம் கற்ற பெரும்பாடம் இதுவேயென எண்ணுகின்றேன்.

நம் பிள்ளைகள் மென்று விழுங்கும் சிறு பூச்சிக் குளிசைக்குப் பின்னே பெயர் அறியாத பலரின் நோவு உளது. எமது கல்லூரியின் பழைய மாணவருள் வைத்தியராய் விளங்குவோர் பலர்; இன்று விஞ்ஞானம் பயில்வோருள் நாளை ஆராய்ச்சி செய்வோரும் எழுவர். அவர்க்குத் தமிழாசிரியன் ஒருவனின் வேண்டுகோள் இது: நீவிர் முதற்பொருளிற் செய்யும் சோதனை, எளியவர்க்கு இரண்டாம் பொருளிற் சோதனையாகாதவாறு காத்துக் கொள்வீராக.