மாடிப்படி விளக்கு

இரவு ஒரு மணிக்குப் பின்னர் வீடு திரும்புவது பத்திரிகைத் தொழிலில் எனக்குப் பழகிப்போன ஒன்று. மாடிப்படி விளக்கைக் கீழே போட்டு, மேலே ஏறியதும் அங்குள்ள ஆளியால் அணைத்துவிடுவேன். கீழறையில் படுத்திருக்கும் அம்மாவுக்கு அந்த வெளிச்சம் கண்ணில் குத்தும். அதனால் பல இரவுகள் இருட்டிலேயே ஏறினேன். அப்படியான ஓரிரவில், கழிவறைக்குச் செல்ல எழுந்த அம்மா படியடியில் கால் இடறி விழுந்தார். எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றிலிருந்து மாலையானதும் தண்ணீர் குடிப்பதையே அவர் நிறுத்திக்கொண்டார்.

விளக்கு எரியவும் வேண்டும், கண்ணைக் குத்தவும் கூடாது. ஒளியைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் படியின் இரு முனைகளிலும் இருந்தால் நல்லது என்று தீர்மானித்தேன். வந்த மின்னிணைப்பாளர் பழைய இருவழி ஆளிகளைக் கழற்றிவிட்டு இரண்டு டிம்மர்களைப் பூட்டினார். அன்றிரவே விளக்கு துடித்தது. ஆளிப் பெட்டியில் வண்டு இரைவது போன்ற ஒலி எழுந்தது.

காரணத்தை விளக்கியவர், இத்தொழிலில் முதிர்ந்த இன்னொருவர். நமது மின்சாரம் 230 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ். அதாவது வினாடிக்கு 100 அரை அலைகள். டிம்மர் ஒவ்வோர் அரை அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிடுகிறது. வெட்டும் பகுதி கூடக்கூட ஒளி குறைகிறது. ஒன்று வெட்டிய அலையை மற்றொன்றும் வெட்ட முயன்றால் இரண்டுமே தடுமாறும். ஆகவே ஒரு விளக்குக்கு ஒரு டிம்மர்தான். மற்ற இடத்தில் இருக்க வேண்டியது அந்த டிம்மருக்குக் கட்டளை அனுப்பும் அழுத்து பொத்தான் மாத்திரமே. சற்றே அழுத்தினால் எரியும், அணையும். அழுத்திப் பிடித்தால் ஒளி கூடும், குறையும்.

சுவரை உடைக்கவும் தேவைப்படவில்லை. இரு ஆளிகளுக்கும் இடையே ஏற்கெனவே இரண்டு கம்பிகள் ஓடின. பிரதான ஆளியை அணைத்துவிட்டு, விளக்குக்குக் கம்பி புறப்படும் மேல் பெட்டியில் டிம்மரைப் பூட்டினார். ஒரு கம்பி கீழிருந்து அதற்கு மின்சாரத்தைக் கொண்டுசென்றது. மற்றது பொத்தானின் கட்டளையைக் கொண்டுசென்றது. எல்லா டிம்மர்களும் இவ்வாறு இயங்குவதில்லை. வாங்கும்போதே வெளிப்பொத்தானை ஏற்பதா எனப் பார்க்க வேண்டும்.

மின்குமிழையும் மாற்றச் சொன்னார். எல்லா எல்.ஈ.டி. குமிழ்களும் ஒளி குறைக்க ஏற்றவையல்ல. உறையில் அவ்வாறு குறிப்பிட்டிருக்க வேண்டும். பழைய டிம்மர்கள் சில குறைந்தது 40, 60 வற்றுச் சுமையை எதிர்பார்ப்பவை. 9 வற்றுக் குமிழை அவற்றில் பூட்டினால் துடிக்கத்தான் செய்யும்.

1990இன் பின் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்த காலத்தில், அரிக்கன் லாம்பின் திரியை அம்மா இறக்கி வைத்துவிட்டே படுப்பார். முழுதாய் அணைக்கமாட்டார். இரவில் யாராவது எழும்புவார்கள் என்பார். அன்று அவர் எங்களுக்காகச் செய்ததைச் செய்ய எனக்கு ஒரு டிம்மரும், ஒரு பொத்தானும், இரண்டு மின்னிணைப்பாளர்களும் தேவைப்பட்டிருக்கின்றனர்.

இப்போது படியில் இரவு முழுவதும் மங்கிய வெளிச்சம் இருக்கிறது. சென்ற வாரம் நான் வீடு திரும்பியபோது, அம்மாவின் கட்டிலருகே தண்ணீர்ச் செம்பு இருந்தது. அது பாதி காலியாகியிருந்தது.