ஹார்டுவேர் கடையில் ஓர் ஆஸ்கர்

“இந்தியானா போகணும்” என்றேன்.

அறை நண்பன் மேப்பைப் பார்த்துவிட்டு, “ஆறு மணி நேரம் ஓட்டணும். பெட்ரோல் யார் போடுவா?” என்றான்.

“இது வேற இந்தியானா. மாநிலம் இல்ல, ஊர். இதே பென்சில்வேனியாலதான் இருக்கு. ஒன்றரை மணி நேரம்.”

ஊருக்குப் பெயர் வைப்பதில் அமெரிக்கர்கள் ரொம்ப சிக்கனம். ஒரு மாநிலத்தின் பெயரையே எடுத்து இன்னொரு மாநிலத்தின் சிற்றூருக்கு வைத்துவிடுவார்கள். அந்த ஊரில் ஒரு பல்கலைக்கழகம் வேறு இருக்கிறது. பெயர் இந்தியானா யுனிவர்சிட்டி ஆஃப் பென்சில்வேனியா. அட்மிஷன் கிடைத்த பையன் தப்பான மாநிலத்தில் போய் இறங்கினால் அவனைத் திட்ட முடியாது.

2016 டிசம்பர். ஆபீஸ் வேலையாக பிட்ஸ்பர்கில் இருந்தோம். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். ரூட் 22-இல் கிழக்கே போய், பிறகு வடக்கே திரும்பி, சுமார் 90 கிலோமீட்டர். வழியெல்லாம் மலைச்சரிவு, அதில் வரிசை வரிசையாக கிறிஸ்துமஸ் மரங்கள். உலகத்தின் கிறிஸ்துமஸ் மரத் தலைநகரம் என்று அந்த மாவட்டம் தன்னைத்தானே அழைத்துக்கொள்கிறது.

“அந்த ஊர்ல என்னடா இருக்கு?”

“ஒரு நடிகர் பிறந்தார்.”

“அவ்வளவுதானா?”

அவ்வளவுதான். ஜேம்ஸ் ஸ்டூவர்ட். ஊர் உலகம் கூப்பிட்டது ஜிம்மி என்று. 1908 மே 20-இல் பிறந்தவர், 1997-இல் எண்பத்தொன்பது வயதில் காலமானார். முதல் படம் 1935-இல், கடைசியாகக் குரல் கொடுத்த கார்ட்டூன் படம் 1991-இல். நடுவில் ஏறக்குறைய எண்பது படங்கள். ஆறேகால் அடி உயரம், ஒட்டடைக்குச்சி உடம்பு, இழுத்து இழுத்து, தயங்கித் தயங்கிப் பேச்சு. இன்டர்வியூவில் முதல் ரவுண்டிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று தோன்றும் முகம். அந்தத் தயக்கத்தையே முதலாக வைத்து அரை நூற்றாண்டு வியாபாரம் செய்தார் மனிதர்.

கோர்ட் வாசலில் சிலையாக நிற்கிறார். 1983-இல் அவருடைய 75-ஆவது பிறந்தநாளுக்கு, அவர் முன்னிலையிலேயே திறந்தார்கள். ஒரு சின்ன சிக்கல். வெண்கலச் சிலை நாளுக்குத் தயாராகவில்லை. அவசரத்துக்கு ஃபைபர்கிளாஸில் ஒன்று செய்து நிறுத்தி விழாவை நடத்திவிட்டார்கள். “டெட்லைனுக்கு டெமோ வெர்ஷன் காட்டிட்டு அப்புறம் ஒரிஜினல் டெலிவரி பண்ணியிருக்காங்க. நம்ம ஆளுங்கதான்” என்றான் நண்பன். முதல்முறையாக ஊர்மேல் அவனுக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

பக்கத்திலேயே பொது நூலகம். அதன் மூன்றாவது மாடியில் மியூசியம். 1995-இல் திறந்தது. போஸ்டர்கள், ராணுவ யூனிஃபார்ம், ஐம்பது பேர் உட்காரும் குட்டித் தியேட்டர். அந்த ஃபைபர்கிளாஸ் சிலையும் அங்கேதான். நாங்கள் போனபோது எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதி மட்டும்.

கவுன்ட்டரில் இருந்த வெள்ளை முடி அம்மாள் எங்களைப் பார்த்துக் கொஞ்சம் திகைத்தார். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார். இந்தியா என்றோம். இந்தியானாவா என்று திரும்பக் கேட்டார். விளக்கி முடிக்க இரண்டு நிமிஷம் ஆயிற்று.

*

போஸ்டர்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். நண்பன் ஒரு படமும் பார்த்ததில்லை என்பதால் கதை சொல்லும் வேலை எனக்கு.

‘மிஸ்டர் ஸ்மித் கோஸ் டு வாஷிங்டன்’, 1939. இயக்கம் ஃப்ராங்க் காப்ரா. சிறுவர்களுக்குத் தலைவனாக இருந்த ஓர் அப்பாவியை, தலையாட்டுவான் என்று நம்பி செனட்டர் ஆக்குகிறார்கள். அவன் ஆட்டவில்லை. ஊழலை எதிர்த்து செனட்டில் நின்றபடி விடிய விடியப் பேசுகிறான். உட்கார்ந்தால் பேச்சுரிமை போச்சு. தொண்டை கட்டிப்போன குரல் தத்ரூபமாக வரவேண்டும் என்று ஸ்டூவர்ட் டாக்டரை வைத்துத் தொண்டையில் மருந்து போட்டு வறளச் செய்துகொண்டார். ஆபீஸ் மீட்டிங்கில் ஒரு தடவை “எனக்கு இதில் சம்மதம் இல்லை” என்று சொல்ல நினைத்து விழுங்கியவர்கள் எல்லோரும் பார்க்கவேண்டிய படம்.

‘தி ஷாப் அரவுண்ட் தி கார்னர்’, 1940. ஒரே கடையில் வேலை பார்க்கும் இரண்டு பேர். நேரில் பார்த்தால் சண்டை. ஆனால் பெயர் தெரியாமல் ஒருவருக்கொருவர் காதல் கடிதம் எழுதிக்கொள்வதும் அவர்களேதான். 1998-இல் இதையே ஈ-மெயில் காதலாக்கி ‘யூ ஹேவ் காட் மெயில்’ எடுத்தார்கள். கம்ப்யூட்டர் வந்தது, படம் பழசு அளவுக்கு வரவில்லை.

அதே 1940-இல் ‘தி ஃபிலடெல்ஃபியா ஸ்டோரி’. அதில்தான் அவருக்குச் சிறந்த நடிகர் ஆஸ்கர். ஐந்து முறை அந்தப் பரிசுக்குப் பரிந்துரை ஆனவருக்கு இந்த ஒரு தடவைதான் கிடைத்தது. 1985-இல் வந்தது வாழ்நாள் கௌரவ ஆஸ்கர்.

இங்கே அந்த அம்மாள் எழுந்து எங்களிடம் வந்தார். “ஆஸ்கர் கதை தெரியுமா?” என்று ஆரம்பித்தார்.

ஸ்டூவர்ட்டின் அப்பா அலெக்சாண்டர் இந்த ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். தாத்தா பெயரில் இருந்த கடை. ஆணி, சுத்தி, பெயின்ட், கம்பி. பையனைப் பிரின்ஸ்டனில் ஆர்க்கிடெக்சர் படிக்கவைத்தார். படித்து முடித்ததும் அவன் நாடகக் கம்பெனியோடு போய்விட்டான். அப்பாவைப் பொறுத்தவரை அது உத்தியோகமே இல்லை. இன்றைக்கு இல்லாவிட்டாலும் நாளைக்கு வந்து கல்லாவில் உட்காருவான் என்று இருந்தார்.

1941 பிப்ரவரியில் ஆஸ்கர் கிடைத்த இரவு அப்பாவிடமிருந்து போன். ஏதோ பரிசாமே, கேடயமா, என்னது என்று விசாரித்திருக்கிறார். சிலை என்று தெரிந்ததும், சரி, அதை இங்கே அனுப்பு, கடை ஜன்னலில் வைக்கிறேன் என்றாராம். ஸ்டூவர்ட் மறுபேச்சில்லாமல் அனுப்பிவைத்தார். பல வருடங்கள் அந்த ஆஸ்கர் ஹார்டுவேர் சாமான்களுக்கு நடுவே ஜன்னலில் நின்றது. ஆணி வாங்க வந்தவர்கள் எல்லாம் ஆஸ்கரைத் தரிசித்துவிட்டுப் போனார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை. சிரித்தேன். நண்பன் சிரிக்கவில்லை.

*

ஆஸ்கர் வாங்கி ஒரு மாதத்துக்குள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார் ஸ்டூவர்ட். முதலில் எடை போதாது என்று திருப்பி அனுப்பினார்கள். தின்று உடம்பை ஏற்றிக்கொண்டு மறுபடி போனார். பி-24 குண்டுவீச்சு விமானத்தின் பைலட். ஐரோப்பாவின்மேல் 20 தாக்குதல்களில் பறந்தார். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்தவர், யுத்தம் முடிந்தபோது கர்னல். போருக்குப் புறப்படும்போது அப்பா எதுவும் பேசமுடியாமல் ஒரு கடிதத்தைக் கையில் திணித்தார். கூடவே பைபிளின் 91-ஆவது சங்கீதம். அதை அவர் போர் முழுக்க வைத்திருந்தார்.

திரும்பி வந்து நடித்த முதல் படம்தான் ‘இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’, 1946. மறுபடி காப்ரா. தன் போர்ச் சாகசத்தை விளம்பரத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் நடிக்க வந்தார்.

ஜார்ஜ் பெய்லி என்று ஒருவன். ஊரை விட்டுப் போகவேண்டும், உலகம் சுற்றவேண்டும், பாலம் கட்டவேண்டும் என்று கனவு. பெட்டி கட்டும்போதெல்லாம் ஏதோ ஒரு தடை. அப்பா போகிறார். அவர் நடத்திய சின்னக் கடன் சங்கத்தை யார் பார்ப்பது? தம்பி படிக்கவேண்டும். கடைசிவரை அவன் அந்த ஊரிலேயே, அந்த மேஜையிலேயே. ஒருநாள் பணம் தொலைந்து, ஜெயில் என்ற நிலையில் பாலத்தில் போய் நிற்கிறான், குதிக்க. ஒரு தேவதூதன் வந்து, நீ பிறக்காமலே இருந்திருந்தால் இந்த ஊர் எப்படி இருந்திருக்கும் என்று காட்டுகிறான். மீதியைத் திரையில் பாருங்கள். கர்ச்சீப் எடுத்துவைத்துக்கொண்டு.

படத்தில் கொட்டுவது பனி, எடுத்தது கலிஃபோர்னியாவின் கோடையில். அதுவரை பனிக்கு வெள்ளையடித்த கார்ன்ஃப்ளேக்ஸைக் கொட்டுவார்கள். மிதித்தால் நொறுக் நொறுக். வசனம் கேட்காது. இந்தப் படத்துக்காகத் தீயணைப்பு நுரையையும் சோப்பையும் கலந்து புதுப் பனி செய்தார்கள். குளிர் காட்சியில் ஸ்டூவர்ட் முகத்தில் வேர்த்திருப்பதைக் கவனித்தால் தெரியும்.

ஆனால் மதுக்கடையில் உட்கார்ந்து முணுமுணுவென்று பிரார்த்தனை செய்வாரே, அந்தக் கண்ணீர் சோப்பு இல்லை. ஸ்கிரிப்டில் இல்லாமல் தானாக வந்தது. க்ளோசப் எடுத்திருக்கவில்லை. காப்ரா பிறகு லேபில் பிரேம் பிரேமாகப் பெரிதாக்கி முகத்தை அருகில் கொண்டுவந்தார். போரிலிருந்து வந்து ஒரு வருடம்கூட ஆகாத மனிதன் அது.

படம் அப்போது பெரிதாக ஓடவில்லை. 1974-இல் காப்பிரைட்டைப் புதுப்பிக்க மறந்துவிட்டார்கள். காசில்லாமல் கிடைக்கிறதே என்று டி.வி. நிலையங்கள் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போட்டுத் தள்ளின. ஒரு குமாஸ்தாவின் மறதியால் காவியமான படம் உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும்.

*

மீதியை வேகமாகச் சொல்கிறேன். ‘ஹார்வி’, 1950. ஆறடிக்கு மேல் உயரமுள்ள ஒரு முயல், இவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். பைத்தியம் யார், நாம் யார் என்று யோசிக்கவைக்கும் நகைச்சுவை. அதே வருடம் ‘வின்செஸ்டர் 73’. சம்பளம் வேண்டாம், லாபத்தில் பங்கு கொடு என்று கேட்டு வாங்கிய படம். ஹாலிவுட்டில் அந்த வழக்கம் பரவ இதுவே பெரிய காரணம். “ஸ்டாக் ஆப்ஷன்!” என்றான் நண்பன்.

ஹிட்ச்காக்கோடு மொத்தம் நான்கு படங்கள். ‘ரியர் விண்டோ’வில் (1954) கால் முறிந்து சக்கர நாற்காலியில் ஜன்னலோரம். எதிர்வீட்டுக்காரர்களை வேவு பார்ப்பதே கதை. ஒற்றை அறையில் அடைந்துகிடந்தவர்களுக்கு அந்தக் குறுகுறுப்பு புரியும். ‘தி மேன் ஹூ நியூ டூ மச்’ (1956) படத்தில் டோரிஸ் டே பாடும் ‘கே சரா சரா’ மெட்டு நம் ஊருக்கும் வந்தது. 1957-இல் வந்த ‘ஆரவல்லி’ படத்தில் அதைத் தமிழில் பாடினார்கள். ‘வெர்டிகோ’ (1958) வெளிவந்தபோது யாரும் பெரிதாகக் கொண்டாடவில்லை. 2012-இல் பிரிட்டிஷ் பத்திரிகை ‘சைட் அண்ட் சவுண்ட்’ விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் உலகின் முதல் படம். 2022-இல் இரண்டாவது.

‘அனாடமி ஆஃப் எ மர்டர்’, 1959. கொலை வழக்கில் பின்னியெடுக்கும் வக்கீல். ஸ்டூவர்ட்டின் உச்சங்களில் ஒன்று. அப்பாவுக்குத்தான் பிடிக்கவில்லை. அசிங்கமான படம், யாரும் போகாதீர்கள் என்று உள்ளூர்ப் பேப்பரில் காசு கொடுத்து விளம்பரம் செய்தார் என்று ஒரு கதை உண்டு. மகனின் ஆஸ்கர் ஜன்னலில், மகனின் படத்துக்கு எதிர்ப்பு பேப்பரில். அப்பாக்கள் அப்படித்தான்.

*

மியூசியத்தை விட்டு ஃபிலடெல்ஃபியா தெருவில் நடந்தோம். கடை இருந்த இடத்தைப் பார்க்கவேண்டும் என்றான் நண்பன். அவனாகக் கேட்டது அது ஒன்றுதான்.

கடை இல்லை. அப்பா அறுபதுகளின் தொடக்கத்தில் போனார். அவருக்குப் பிறகு கடையும் போயிற்று. அந்த இடத்தில் ஒரு வங்கி. ‘வொண்டர்ஃபுல் லைஃப்’ படத்தில் ஜார்ஜ் பெய்லி வாழ்நாள் முழுக்க மல்லுக்கட்டுவதே ஊர்ப் பெரிய பாங்க்காரனோடுதான். திரைக்கதை எழுதுகிறவர்களுக்குக்கூட இந்தத் துணிச்சல் வராது.

குளிரில் அங்கேயே நின்றோம். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரை விட்டுப் போகாமல் அப்பாவின் மேஜையைப் பார்த்துக்கொண்டவனாக உலகமே நினைவில் வைத்திருக்கும் இந்த நடிகர், நிஜத்தில் ஊரை விட்டுப் போனவர். கல்லாவில் உட்காராதவர். தங்கிப்போனவனின் வலியை அவ்வளவு சரியாக நடித்தது, போய்விட்டவன். அந்தக் கண்ணீரில் அப்பா கடையின் பங்கு எவ்வளவு என்று யாருக்குத் தெரியும்?

நண்பனின் அப்பாவுக்கு விருதுநகரில் மளிகைக்கடை. ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வரும். எப்ப வர்றே என்பார் அவர். பார்க்கலாம்பா என்பான் இவன். இரண்டு வருடமாக வசனம் மாறவில்லை.

வங்கி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தவன் மணி என்ன என்றான். பதினொன்றரை. அங்கே ராத்திரி பத்து. செல்லை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனான்.

“அப்பா... கடை சாத்தியாச்சா?”

அந்தப் பக்கம் என்ன பதில் என்று கேட்கவில்லை. இவன்தான் பேசினான்.

“இல்லப்பா, ஒண்ணுமில்ல. சும்மாதான்... போன வருஷம் எனக்கு ஆபீஸ்ல ஒரு ஷீல்டு குடுத்தாங்கல்ல? பெஸ்ட் எம்ப்ளாயின்னு... அதை அனுப்பறேன். கடைல வைக்கிறீங்களா?”

ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தான். பிறகு போனை வைத்துவிட்டு வந்தான்.

“என்னடா சொன்னார்?”

மூக்கைத் துடைத்துக்கொண்டான். குளிர்.

“தராசுக்குப் பக்கத்துல இடம் இருக்காம். எவ்வளவு அகலம்னு கேக்கறார்.”